முடக்கி வைத்த கைகளும் முதிர்ந்து வரும் சமுதாயமும்

அண்மையில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் வாழ்த்துரை ஒன்றைக் கேட்க நேர்ந்தது. பேசியவர் படித்தவர், நாவன்மை மிக்கவர். தமிழகத்தில் முதியோர் பெருகி வருகின்றனர், குழந்தைகள் குறைந்து வருகின்றனர், இன்னும் இருபது ஆண்டுகளில் கிழவரைத் தாங்கக் கையில்லாமல் போகும் என்று அச்சமூட்டினார். அதுவரை அவர் சொன்னதில் பிழையில்லை. பிறகு பரிகாரம் சொன்னார். மணமக்கள் நிறையப் பிள்ளைகளைப் பெறவேண்டும், பெண்கள் படிப்பென்றும் வேலையென்றும் வாசலைத் தாண்டியதே இக்கேட்டுக்கெல்லாம் மூலம் என்று முடித்தார். சபை 'மாஷா அல்லாஹ்' என்றது. சமையற்கட்டிலிருந்து நெய்ச்சோற்று மணம் வந்துகொண்டிருந்த நேரம். எழுந்து மறுத்துப் பேச அது இடமன்று. ஆகவே இங்கே மறுக்கிறேன்.

இப்பேச்சுக்கு அவர் ஒருவரே உரியவர் அல்லர். 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு மக்கள் கூடுதலாகப் பிள்ளை பெறவேண்டும் என்றார். அதே மாதம் சென்னையில் நடந்த திருமண விழாவொன்றில், தமிழக முதலமைச்சராக மு. க. ஸ்டாலின், பதினாறு செல்வத்துக்குப் பதில் பதினாறு பிள்ளை என்று எண்ணும் நிலை வந்துவிட்டதோ என்னும் பொருள்படப் பேசினார். அவருடைய கவலை தொகுதி மறுவரையறை பற்றியது. நம் சொற்பொழிவாளரின் கவலை வேறு. ஆனால் மருந்து ஒன்றே.

நோய் உண்மையானது என்பதில் ஐயமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 10.4 பேர், இந்தியா முழுமைக்கும் அது 8.6. மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்தபடி 2031இல் தமிழ்நாட்டில் அது 18.2 ஆகும், கேரளத்தில் 20.9. பத்துப் பேரில் ஒருவர் முதியவராயிருந்த நாட்டில் ஐவரில் ஒருவர் முதியவராகப் போகிறார். நம் சமுதாயம் இதற்கு விலக்கென்று எண்ணுவோரும் உளர். நமக்கு வேண்டாதவர்களும் அப்படித்தான் மேடை தோறும் முழங்குகின்றனர். அவ்விரு சாராரும் தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டிப் பார்த்ததில்லை. 1992-93இல் இந்திய முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 பிள்ளைகள், 2019-21இல் 2.4க்கும் சற்றுக் குறைவு. நம் வீடுகளில் பாட்டிமார் எத்தனை பேர், பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

மருந்துக்கு வருவோம். இன்று பிறக்கும் பிள்ளை உழைத்து நாலு காசு ஈட்ட இருபது ஆண்டு செல்லும். 2045இல் அறுபதைத் தொடப்போகிறவர்களோ ஏற்கெனவே பிறந்து, மணமுடித்து, கடனும் வாங்கிவிட்டார்கள். இடைப்பட்ட இருபது ஆண்டில் தாங்குவார் தொகை கூடாது. தாங்கப்பட வேண்டியோர் தொகைதான் கூடும், முதியோரோடு குழந்தைகளும் சேர்ந்துகொள்வதால். அரசாங்கம் ஆணையிட்டால் பிள்ளை பிறந்துவிடுமா என்பதும் ஆராயத்தக்கது. தென் கொரியா பல ஆண்டுகளாகப் பெரும் பொருளைக் கொட்டியும் 2023இல் அங்கே பெண்ணொருத்திக்குப் பிள்ளை 0.72 என்று உலகிலேயே கீழ்ப்படிக்கு இறங்கியது. கொரியா காஃபிர் நாடு என்று சொல்வோருக்கு ஈரானைக் காட்டுகிறேன். 1980களில் ஆறுக்கு மேலிருந்த பிள்ளைப்பேறு அங்கே இருபது ஆண்டுக்குள் இரண்டளவுக்கு வந்துவிட்டது. பின்னர் அரசு மனம் மாறி 2021இல் மக்கள்தொகையை இளமையாக்குவதற்கென்றே சட்டம் இயற்றியது. தொட்டில்கள் நிரம்பவில்லை.

பிள்ளைப்பேறு அல்லாஹ்வின் அருட்கொடை. அதை வேண்டாமென்பது என் வாதமன்று. பிறக்காத பிள்ளையின் கையை நம்பிப் பிறந்திருக்கும் கைகளைக் கட்டிப்போடுகிறோமே, அதுதான் என் வழக்கு.

அந்தக் கைகள் எவை என்று சொல்லுமுன் திருமறையில் 'அல்கஸஸ்' அத்தியாயம் கூறும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். மத்ரஸாவில் மூன்றாம் ஆண்டு மாணவனும் ஓதியிருப்பான். மிம்பரில் அது இந்தக் கோணத்தில் பேசப்பட்டு நான் கேட்டதில்லை. மூஸா (அலை) எகிப்தை விட்டு வெளியேறி மத்யன் நகர் நீர்நிலைக்கு வருகிறார்கள். ஆண்கள் கூட்டமாய் நின்று தம் ஆடுகளுக்கு நீர் புகட்டுகின்றனர். அப்பால் இரு பெண்கள் தம் மந்தையைத் தடுத்து நிறுத்திக்கொண்டு நிற்கின்றனர். ஏன் என்று வினவியபோது, இடையர்கள் விலகிச் சென்றபின்பே தாங்கள் நீர் புகட்ட முடியும் என்றும், தங்கள் தந்தை மிக முதியவர் என்றும் அப்பெண்கள் விடை கூறுகின்றனர். அந்தத் தந்தை நபி ஷுஐப் (அலை) என்பாரும், வேறொரு பெரியவர் என்பாரும் முஃபஸ்ஸிரீன்களில் உண்டு. நம் பேச்சுக்கு அவ்வேறுபாடு தடையில்லை. முதுமை வந்து சேர்ந்த குடும்பம் ஒன்று. ஆண் பிள்ளை இருந்ததாகச் செய்தியில்லை. பெண்மக்கள் தொழில் நடத்துகின்றனர். வலிமையுள்ள ஆண்கள் கிணற்றை அடைத்துக்கொண்டு நிற்பதால் அவர்கள் கடைசி வரிசையில் காத்திருக்கின்றனர். இன்றைய பொருளாதார அறிஞர் நூறு பக்கத்தில் எழுதுவது இதுதானே!

மூஸா (அலை) என்ன செய்தார்கள்? அப்பெண்களை வீட்டுக்குப் போங்கள் என்று விரட்டவில்லை. முதிய தந்தைக்கு இன்னும் பிள்ளைகள் பிறக்கட்டும் என்று துஆ செய்துவிட்டு நகரவுமில்லை. முன்சென்று நீர் புகட்டித் தந்தார்கள். அடுத்து நிகழ்ந்ததையும் கவனிக்க வேண்டும். இவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்குச் சிறந்தவர் என்று தந்தைக்கு ஆலோசனை சொன்னவள் அப்பெண்களுள் ஒருத்தி. தந்தை அதை ஏற்றார். எட்டாண்டு, விரும்பினால் பத்தாண்டு என்று தவணை பேசினார். ஊர் பேர் தெரியாத அகதிக்கு வேலை கிடைத்தது. குலம் கேட்கவில்லை, இனம் கேட்கவில்லை. வலிமையும் அமானிதமும்தான் தகுதி. அத்தகுதியை வகுத்துச் சொன்ன நா ஒரு பெண்ணின் நா.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2011 கணக்கின்படி இந்தியப் பெண்களில் வேலையிலிருப்போர் நூற்றுக்கு 25க்குச் சற்று மேல். முஸ்லிம் பெண்களில் ஏறத்தாழ 15தான். சமயப் பிரிவுகளுள் மிகக் குறைந்தவற்றுள் ஒன்று நம்முடையது. இதைப் பெருமையாகச் சொல்லிக் கொள்வோர் உண்டு. அவர்களை மேலப்பாளையத் தெருவொன்றில் முற்பகல் நேரத்தில் நடக்கச் சொல்கிறேன். வீடு தோறும் மடியில் முறமும் கையில் கத்தரியுமாகப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். தாய் இலை வெட்டுவாள், மகள் சுற்றுவாள், கண் மங்கிய பாட்டி நூல் கட்டுவாள். ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைய கூலி கணக்கில் வரும். ஆயிரம் சுற்ற ஒரு பகல் போதாது. இவர்கள் வேலை செய்பவர்களா இல்லையா? கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்று கேட்டால், 'சும்மா வீட்டில்தான் இருக்கிறார்கள்' என்று ஆண்பிள்ளை பதில் சொல்வான். சும்மா இருப்பவள் சுற்றிய பீடியில்தான் அவ்வீட்டு அரிசி வந்திருக்கும்.

பீடித் தொழிலாளருக்கென்று 1966இல் சட்டம் வந்தது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. அந்நிதிக்கு ஊற்றாயிருந்த தீர்வை 2017இல் சரக்கு சேவை வரியோடு எடுபட்டுவிட்டது. வைப்பு நிதிக் கணக்கு உள்ள பெண்ணுக்கு முதுமையில் ஓய்வூதியம் உண்டு. அதன் குறைந்தபட்ச அளவு 2014இல் மாதம் 1000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. கணக்கே இல்லாமல் இடைத்தரகரிடம் இலையும் தூளும் வாங்கிச் சுற்றியவளுக்கு அதுவுமில்லை. வாழ்நாளெல்லாம் உழைத்துவிட்டு, முதுமையில் உழைக்காதவள் என்ற பெயரோடு முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதவேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புகைத்தல் மக்ரூஹா ஹராமா என்று நாம் விடிய விடிய வாதிட்டிருக்கிறோம், நானும் வாதிட்டிருக்கிறேன். அப்புகையிலைத் தூளை ஐம்பது ஆண்டு சுவாசித்த பெண்ணின் நெஞ்சைப் பற்றி நம் வாதங்களில் ஒரு மஸ்அலாவும் வந்ததில்லை. வாசலைத் தாண்டாத வேலையாதலால் அது நமக்கு உறுத்தவில்லை. அவள் மகள் படித்துவிட்டு, மூடிய உடையோடு, பகலில், ஓர் அலுவலகத்திற்குச் செல்ல விரும்பினால் மட்டும் மார்க்கம் நினைவுக்கு வருகிறது.

மார்க்கம் உண்மையில் என்ன சொல்கிறது? அன்னை கதீஜா (ரலி) வணிகம் செய்ததை எல்லாரும் சொல்வார்கள், அதை விடுகிறேன். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கையாலேயே தோல் பதனிட்டும் தைத்தும் பொருளீட்டி ஏழைகளுக்கு வழங்கினார்கள் என்பது கிதாபுகளில் உள்ளது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழிலால் உயர்ந்த நம் தனவந்தர்கள், தங்கள் தொழில் அன்னையார் ஒருவர் கைதொட்ட தொழில் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டோ? ஜாபிர் (ரலி) அவர்களின் சிற்றன்னை செய்தி இன்னும் தெளிவு. தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்த அவ்வம்மையார் தம் பேரீச்ச மரங்களில் காய் பறிக்கப் புறப்பட்டார். ஒருவர் அதட்டித் தடுத்தார். வழக்கு பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்றது. போய்ப் பறித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது, அதிலிருந்து தர்மமும் நன்மையும் செய்யக்கூடும் என்ற காரணத்தோடு. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. தடுத்தவரின் பெயர் அதில் இல்லை. ஆயினும் அவருடைய வாரிசுகள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள்.

பெண் வேலைக்குப் போனால் வீட்டு முதியோரை யார் பார்ப்பது என்பர். நியாயமான கேள்விதான். இப்போது பார்ப்பவர் யார்? அதே பெண்தான். மாமியாருக்கு மலஜலம் எடுப்பதும் அவள்தான், பீடி முறத்தை மடியில் வைப்பதும் அவள்தான். மகன் துபாயிலிருந்து தொலைபேசியில் சலாம் சொல்கிறான். முதியோரைப் பேணுவது அறிவும் பயிற்சியும் வேண்டும் தொழில். அதற்கு ஊதியம் கொடுத்து, நம் பெண்களையே பயிற்றி, ஜமாஅத்தே ஓர் அமைப்பாக நடத்தினால் முதியவருக்குத் துணையும் பெண்ணுக்கு வேலையும் ஒருங்கே கிடைக்கும். கணவனை இழந்த நடுவயதுப் பெண்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்களை ரமலானில் சேலை வாங்க மட்டும் வரிசையில் நிறுத்துகிறோம்.

ஆண்களைப் பற்றியும் பேசவேண்டும். சபர் போய் வந்தவர்களைச் சொல்கிறேன். 2015 ஆய்வின்படி தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு சென்றிருந்தோர் ஏறத்தாழ 22 லட்சம் பேர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் சபராளி இல்லாத வீடு அரிது. இருபது வயதில் போனவன் ஐம்பத்தைந்தில் சர்க்கரை நோயோடு திரும்புகிறான். வளைகுடாச் சட்டங்களில் அயல்நாட்டவனுக்கு ஓய்வூதியம் என்பதில்லை. பணிமுடிவுத் தொகை உண்டு. சவூதியில் முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதன் பின்னர் ஒரு மாதச் சம்பளம். அது மகளின் திருமணத்துக்கும் வீட்டின் மேல்மாடிக்கும் சரியாய்ப் போய்விடும். பிறகு? கிரேன் ஓட்டத் தெரிந்தவன், கிடங்குக் கணக்கு எழுதத் தெரிந்தவன், அரபும் ஆங்கிலமும் பேசுபவன் அஸருக்குப்பின் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். தீனதயாள் உபாத்யாயா பெயரிலான மத்திய அரசின் ஊரகத் திறன் பயிற்சித் திட்டத்துக்கு வகுக்கப்பட்ட வயது வரம்பு 15 முதல் 35 வரை. பெண்கள் முதலியோர்க்கு மட்டும் 45. தொழிற்சாலை விளம்பரமோ முப்பதைத் தாண்டாதவனைத் தேடுகிறது. தமிழக அரசு தன் ஊழியருக்கு ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. உள்ளே இருப்பவனுக்கு நாற்காலி நீண்டது; உள்ளேயே நுழையாதவனுக்கு அதனால் என்ன?

நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் சிங்கப்பூரைப் பாருங்கள். 2022 ஜூலையில் ஓய்வு வயதை 63 ஆக்கி, விரும்புபவரை 68 வரை மறுபடி வேலைக்கு அமர்த்த முதலாளியைக் கடமைப்படுத்திற்று. 2026 ஜூலைக்கு அவற்றை 64, 69 என்று அறிவித்தது. ஜப்பானில் முதியோருக்குச் சிறு சிறு வேலை ஏற்பாடு செய்யும் நிலையங்கள் 1975இல் டோக்கியோவில் தொடங்கி நாடெங்கும் பரவின. அங்கே அறுபத்தைந்தைக் கடந்தோரில் நால்வரில் ஒருவர் வேலையில் இருக்கிறார். வறுமையால் உழைப்போரும் அவர்களுள் உண்டு. அதை மறைத்து ஜப்பானைச் சுவர்க்கம் ஆக்க மாட்டேன். எண்பது வயதுக் கிழவரைத் தெருப் பெருக்க வைக்கும் கொள்கை எனக்கு வேண்டாம். உழைக்க வல்லவனுக்கு வேலை, முடியாதவனுக்கு உரிமைத் தொகை. இரண்டும் சேர்ந்ததே நீதி.

அரசை நோக்கிச் சொல்ல வேண்டியது பல உண்டு. சச்சார் குழு 2006இல் தந்த அறிக்கை இந்திய ஆட்சிப் பணியில் முஸ்லிம்கள் நூற்றுக்கு மூவர் என்றது. வாய்ப்பில் பாகுபாடு நேர்ந்தால் முறையிடச் சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்றது. அவ்வாணையம் இன்றுவரை அமையவில்லை. தமிழகத்தில் 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு அரசுப் பணியோடும் கல்வியோடும் நிற்கிறது. வேலைகள் பெருகும் தனியார் துறைக்கு அதன் நிழலும் படவில்லை. முதியோர் தொகை பெருகும் மாநிலம் தன் இளைஞரில் ஒரு பகுதியைப் பெயர் பார்த்துக் கழித்துவைப்பது, கிணறு வற்றும் காலத்தில் குடத்தில் ஓட்டை போடுவதாகும். இதைச் சட்டமன்றத்தில் சொல்வதற்கு நம் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், சொல்லட்டும்.

ஆனால் அரசை ஏசிவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் ஒப்பவில்லை. நாமும் முதலாளிகள்தாம். ஜமாஅத் ஒரு முதலாளி. மத்ரஸா நிர்வாகம் ஒரு முதலாளி.

நான் அறிந்த ஒரு மோதினார் ஒரே பள்ளியில் முப்பத்தொரு ஆண்டு பாங்கு சொன்னார். ஹவுளைக் கழுவினார், மய்யித்துக்குச் சந்தூக்கு எடுத்துக் கொடுத்தார், நடுநிசியில் கதவு தட்டினாலும் எழுந்து வந்தார். குரல் கம்மியபோது நிர்வாகம் வேறொருவரை அமர்த்தியது. அடுத்த ஜும்ஆவில் துண்டு ஏந்தி வசூல் செய்து அவரை ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஸஃப்பில் நானும் நின்றேன். துண்டில் ஒரு நோட்டுப் போட்டேன். போட்டபோது மனம் இலேசாகிவிட்டது. அதை இன்று எண்ணினால் வெட்கமாயிருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுச் சம்பளப் பட்டியலில் அவருடைய முதுமைக்கென்று ஒரு வரி எழுத அந்த நிர்வாகத்துக்கும் தோன்றவில்லை, அங்கே வாராவாரம் தொழுத எனக்கும் தோன்றவில்லை.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் கராஜ்' கலீஃபா உமர் (ரலி) காலத்து நிகழ்ச்சியொன்றைப் பதிந்துள்ளது. பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் வாசலில் நின்று யாசிக்கிறார். கலீஃபா அவர் தோளைத் தட்டி விசாரிக்கிறார்கள். வரியும் வறுமையும் வயதும் இந்நிலைக்குக் கொண்டுவந்தன என்கிறார் அவர். கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவியபின், பைத்துல்மால் பொறுப்பாளரிடம் இவரையும் இவர் போன்றோரையும் கவனிக்கச் சொல்கிறார்கள். இளமையை உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பது அவர்கள் தந்த காரணம். வேற்றுச் சமயத்தவரின் இளமைக்கு உமர் (ரலி) கணக்குப் பார்த்தார்கள். நம் பள்ளியில் பாங்கு சொன்னவரின் இளமையை உண்டது யார்?

உடல் ஊனமுற்றோர் பற்றி விரித்தெழுத இடமில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் அவர்களுக்கு நூற்றுக்கு நான்கு இடம் ஒதுக்கியது. கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) முஅத்தினாக வைத்தார்கள். வெளியூர் சென்றபோது பல முறை மதீனாவின் பொறுப்பையே ஒப்படைத்தார்கள். நாம் கண்ணற்ற ஹாபிஸை யாசீன் ஓத மட்டும் அழைக்கிறோம்.

மோதினாருக்கு ஓய்வூதியம் என்றால் உடனே எழும் விடை, வசதியில்லை என்பது. வசதியின் அளவு எவ்வளவு என்று பார்ப்போம். 2019இல் அமைப்புசாராத் தொழிலாளருக்கென்று மத்திய அரசு கொண்டுவந்த ஓய்வூதியத் திட்டத்தில் தொழிலாளி செலுத்துவது, சேரும் வயதுக்கேற்ப மாதம் 55 ரூபாய் முதல் 200 ரூபாய் வரை. அறுபதுக்குப் பின் கிடைப்பது மாதம் 3000. நாற்பது வயதுக்கு மேல் சேர்வதற்கில்லை என்பது அதன் குறை. இளம் மோதினாருக்காக அந்த இருநூறு ரூபாயைச் செலுத்த இயலாத ஜமாஅத் எது? அதில் வட்டி கலந்திருக்கிறது என்பர் சிலர். அந்தப் பேணுதலை மதிக்கிறேன். அவர்களுடைய கடைப்பணம் எந்த வங்கியில் கிடக்கிறது என்று கேட்கமாட்டேன். வட்டியில்லாத வழி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. பள்ளிக்கு வக்ஃபான கடைகளில் ஒரே ஒரு கடையின் வாடகையை இமாம், மோதினார், மத்ரஸா உஸ்தாத் ஆகியோரின் முதுமைக்கென்று ஒதுக்கித் தனிக் கணக்கில் எழுதுவது. அக்கடைக்குச் சந்தை விலைப்படி வாடகை வாங்குவது இரண்டாவது. பத்தாண்டாக ஒரே வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவர் நிர்வாகிகளுக்கு உறவினராயிருந்தால் அதை அவர்களே சரி செய்துகொள்ளட்டும்.

பெரும்பாலான ஊர்களில் ரமலானுக்கு முன் ஜமாஅத்துக் கணக்கு வாசிக்கப்படும். சுண்ணாம்பு அடித்த செலவு, மின்விசிறிச் செலவு, நோன்புக்கஞ்சி வரவு என்று தலைப்புகள் வரிசையாக வரும். இவ்வாண்டு வாசிக்கும்போது யாராவது ஒருவர் எழுந்து, நம் பள்ளியில் வேலை பார்ப்பவர்களின் வயது என்ன, அறுபதில் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம், ஊரில் வேலை கேட்கும் விதவைகள் எத்தனை பேர், திரும்பி வந்த சபராளிகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்கவேண்டும். பட்டியல் யாரிடமும் இராது. அதை எழுதும் வேலையை, ஊதியம் கொடுத்து, ஊரில் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் இரண்டு பெண்களிடம் ஒப்படைக்கலாம்.